அடுப்படி ஆடிட்

தங்கதுரை தன் இருபத்திரண்டு வருட இல்லறத்தில் முதல் தடவையாக ஓர் உறுதியான முடிவுக்கு வந்தார். வந்த இடம் பொங்கலூர் டீக்கடை. வீட்டுக்குள் எடுக்கிற முடிவுகள் வாசலைத் தாண்டுவதில்லை என்பது அவருடைய அனுபவம்.

முடிவு இதுதான்: அடுப்படியின் பின்சுவரை இடிக்க விடுவதில்லை.

அவர் வீட்டுக்கு வயது நூற்றுப்பத்து. பாட்டனார் கட்டியது. தேக்குத் தூண், ஓட்டுக்கூரை, முன்னால் ஆசாரம் என்கிற அகலமான கூடம், எல்லாமே கம்பீரம். அடுப்படி மட்டும் குகை. குனிந்து உள்ளே போய், குனிந்து சமைத்து, குனிந்தே வெளியே வரவேண்டும். மனைவி அன்புசெல்வி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்சுவரை இடித்து, கொல்லைப்புறப் பொடக்காணிப் பக்கமாக நீட்டி, ஜன்னல் வைத்து, ஒரு மனுசி நிமிர்ந்து நின்று சமைக்கிற மாதிரி ஓர் அடுப்படி வேண்டும்.

தங்கதுரைக்கும் அந்தப் பொடக்காணி மேல்தான் கண். நல்லூரில் அவருக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. இடம் போதவில்லை. வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற அந்த இடத்தில் தகர ஷெட் போட்டு ஆறு ஓவர்லாக் தையல் மிஷினை இறக்கிவிட்டால் பிறவிப்பயன் கிடைத்தது போல.

முடியாது என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாம்தான். அப்படிச் சொன்ன ஆட்கள் யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை.

அப்போதுதான் பசீர் அகமது டீயை ஆற்றிக்கொண்டே அந்தச் சேதியைச் சொன்னார். பசீர் பனியன் வேஸ்ட் வியாபாரி. தங்கதுரையோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"தொரை, பழைய ஊடுகளப் பாக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் கோயமுத்தூர்ல இருந்து வேன் போட்டு வருதப்பா. பாரம்பரியக் கட்டட வாரமாம்."

"வந்து?"

"பாப்பாங்க. புடிச்சிருந்தா லிஸ்ட்ல சேத்துக்குவாங்க."

"சேத்தா?"

"அப்பறம் ஒரு செங்கல்ல அசைக்கப்படாது. ஓனரே எழுதிக் குடுக்கோணும்."

"அடுப்படிச் செவுத்தக் கூடவா பாய்?"

"செவுரென்ன, ஆணி அடிக்கறதுக்கே கேக்கோணும்."

தங்கதுரை பசீருக்கு இன்னொரு டீ சொன்னார். கூடவே ஒரு பன்னும்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடியே சேதியைப் போட்டார். இந்த மாதிரி, பெரிய மனுசர்கள் வருகிறார்கள். வீட்டைப் பாதுகாக்க வேண்டுமாம். இனிமேல் எந்தச் சுவரையும் தொட முடியாது. தனக்கும் வருத்தம்தான்.

"சரிங்க," என்றாள் அன்புசெல்வி. ரசம் ஊற்றினாள்.

தங்கதுரைக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. சண்டைக்கு அவர் பதினோரு பதில் தயாரித்து வைத்திருந்தார். பதினொன்றும் வாயிலேயே ஆறிப்போயின.

கம்பெனி நடத்துகிறவருக்கு ஆள் வந்து பார்ப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஆடிட். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனியைச் சோதிக்க வருவார்கள். அதற்கு முந்தின வாரம் சுவரெல்லாம் பெயிண்ட் ஆகும். தரையில் மஞ்சள் கோடு முளைக்கும். உடைசல் எல்லாம் தார்ப்பாய்க்குள் ஒளியும். தொழிலாளிகள் கேள்வி பதில் மனப்பாடம் செய்வார்கள். கடைசியில் ஆடிட்டர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, பிரியாணி போட்டு, காரில் ஏற்றிவிட வேண்டும். படித்துப் பார்ப்பதெல்லாம் கார் கிளம்பிய பிறகுதான்.

ஆக, தேக்குத் தூண்கள் பளபளவென்று சாக்லேட் கலருக்கு மாறின. சுண்ணாம்புச் சுவர்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட்டிங். ஆசாரத்தில் மஞ்சள் கோடு. வாசலுக்கு மேலே பச்சையில் எக்ஸிட் போர்டு. ஆட்டுக்கல், மரப்பெட்டி, கால் போன கட்டில், பித்தளை அண்டா எல்லாம் பொடக்காணியில் தார்ப்பாய்க்குள் போயின.

பெயிண்டர் அடுப்படிப் பக்கம் திரும்பியபோது மட்டும் அன்புசெல்வி வாய் திறந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு வேண்டாமுங்க. பெயிண்ட் வாசம் ரசத்துல ஏறிக்கும்."

அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டார். பிறகு அவளை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்.

"அடுப்படி எப்படி இருக்குதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"இருட்டா இருக்குதுங்க."

"அன்பு. வசதியா இருக்குதுன்னு சொல்லோணும்."

"வசதியா இருக்குதுங்க."

"கொஞ்சம் சிரிச்சாப்பல சொல்லு."

"சிரிச்சா நம்ப மாட்டாங்கொ. சும்மாவே சொல்றனுங்க."

"எத்தன மணி நேரம் வேலைன்னு கேட்டா?"

"காத்தால நாலரைக்கு எந்திரிச்சனுங்கன்னா..."

"எட்டு மணி நேரம். ஞாயித்துக்கெழம லீவு."

அன்புசெல்வி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்படிங்களா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. இருபத்துச் சொச்சம் பேர் இறங்கினார்கள். எல்லோரும் கைத்தறி உடுத்தியிருந்தார்கள். பனியன் ஊருக்குள் வந்து இப்படி உடுத்துகிறார்களே என்று தங்கதுரைக்கு லேசான வருத்தம். கூட்டத்துக்குத் தலைவி நித்யஸ்ரீ என்கிற, கட்டடக்கலை படித்த பெண். வயது முப்பது இருக்கும். கையில் அட்டை, அதில் படிவம்.

நித்யஸ்ரீ தேக்குத் தூணைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"புதுப் பெயிண்டுங்க," என்றார் தங்கதுரை பெருமையாக.

"தெரியுது சார்."

பின்னால் ஒரு பெரியவர் துக்க வீட்டில் நிற்கிறவர் போலத் தலையை ஆட்டினார். எக்ஸிட் போர்டை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயிண்டர் எட்டாமல் விட்ட ஒரு மூலையில் காரை பெயர்ந்திருந்தது. அதை ஒன்பது பேர் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் யாரோ பொடக்காணிக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார்கள்.

மாட்டிக்கொண்டோம் என்று தங்கதுரைக்கு வியர்த்தது. கம்பெனியில் இது நடந்திருந்தால் ஆர்டரே போயிருக்கும். இங்கேயோ கால் போன கட்டிலைச் சுற்றி நின்று ஆளாளுக்குக் கொஞ்சினார்கள்.

"பாய், இவங்க பாஸ் பண்றாங்களா, பெயில் பண்றாங்களா?" என்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த பசீரிடம் கிசுகிசுத்தார்.

"எனக்கும் வெளங்கல தொரை. ஆனா கட்டலு பாஸ் ஆயிருச்சு."

கடைசியாக அடுப்படி. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போனார்கள். உள்ளே போனதும் எல்லோர் கண்ணும் மேலே போனது. நூற்றுப்பத்து வருடக் கரி, விட்டத்தில் கறுப்புப் பட்டு மாதிரி மினுங்கியது. மண் அடுப்பு அப்படியே இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் பெயிண்ட் அடிக்கலை?" என்றாள் நித்யஸ்ரீ.

"நாந்தான் வேண்டாமுன்னு சொன்னனுங்க," என்றாள் அன்புசெல்வி.

"அக்கா, இந்த வீட்டுக்கே உயிர் இந்த அடுப்படிதான். இந்தச் சுவரை யாரும் தொடவே கூடாது."

தங்கதுரைக்குத் தலை ஓட்டுக்கூரையில் முட்டாத குறை. ஜெயித்தாயிற்று. ஷெட்டுக்குத் தகரம் எங்கே வாங்குவது என்றுகூட மனசு யோசிக்கத் தொடங்கிவிட்டது.

அப்போது அன்புசெல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, ஆடிட்டுல லேபர் பேசறப்ப ஓனரு பக்கத்துல நிக்கப்படாதுன்னு சொல்லுவீங்கல்ல? சித்த வெளிய நில்லுங்க."

விதி விதிதான். போய் ஆசாரத்து மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டார். அரைமணி நேரம். உள்ளே இருந்து இரண்டு முறை சிரிப்புச் சத்தம் வந்தது. ஆடிட்டில் சிரிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

வெளியே வந்த நித்யஸ்ரீ, உள்ளேயே எழுதி நிரப்பிய படிவத்தை நீட்டினாள். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

"அதெல்லாம் எதுக்குங்க," என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு, "பிரியாணி ஆறுதுங்க," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். படிவத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள்.

வேன் கிளம்பிப் புழுதி அடங்கியதும் பசீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்கள் கொடுத்துவிட்டுப் போன நகலைப் படித்தார்.

"ஒண்ணு. அடுப்படியின் எந்தச் சுவரையும் இடிக்கக் கூடாது."

"கேட்டுக்க அன்பு," என்றார் தங்கதுரை.

"கேக்கறனுங்க."

"ரெண்டு. பழங்கரியைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால், அங்கே அன்றாடச் சமையலும் எண்ணெய்ப் புகையும் கூடாது."

"அது சரி... அப்பறம் சோறு?"

"அதுதான் மூணு. அன்றாடச் சமையலுக்குப் பழஞ்சுவரைத் தொடாமல் பொடக்காணியில் தனி அடுப்படி கட்டித் தர உரிமையாளர் சம்மதிக்கிறார். ஜன்னல் ரெண்டு."

தங்கதுரை பொடக்காணியைப் பார்த்தார். ஆறு ஓவர்லாக் மிஷினும் வரிசையாக எழுந்து போவது போலிருந்தது.

"ஏம்புள்ள, நீ உள்ள என்னதான் சொன்ன?"

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தானுங்க. அடுப்படி வசதியா இருக்குதான்னு கேட்டாங்க, இருக்குதுன்னேன். எட்டு மணி நேர வேலை, ஞாயித்துக்கெழம லீவுன்னேன். லீவுன்னா அன்னைக்கு ஆரு சமைப்பாங்கன்னு அந்தப் புள்ள கேட்டுப்போட்டுதுங்க."

"அதுக்கு?"

"நாலாவதையும் படிங்க பாய்," என்றாள் அன்புசெல்வி.

பசீர் இருமினார். "மாதத்தின் முதல் ஞாயிறு, பார்வையாளர்களுக்காக மண் அடுப்பைப் பற்றவைத்து, இந்த வீட்டிலேயே பிறந்த ஒருவர் சமைத்துக் காட்ட வேண்டும்."

அன்புசெல்வி பிறந்தது கணியூர். பிள்ளைகள் பிறந்தது ஆஸ்பத்திரியில். அந்த வீட்டிலேயே பிறந்து இன்னமும் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருத்தர்தான்.

"இப்படி எழுதியிருக்கறது எனக்குத் தெரியாதுன்னு சொல்லீருவேன்," என்றார் தங்கதுரை.

சொல்ல முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் படிவத்தைத் தூக்கிப் பிடித்த போட்டோ வாட்சப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. கணியூரிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "மாமா, அக்காளுக்காக இப்படி எழுதிக் குடுத்திருக்கறீங்களாமா. எங்க பக்கம் எல்லாம் உங்க பேச்சுத்தானுங்க."

தை பிறந்தபோது பொடக்காணியில் புது அடுப்படி எழுந்துவிட்டது. அன்புசெல்வி அதில் நிமிர்ந்து நின்று காபி போட்டாள். தனக்கு ஒரு டம்ளர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பழைய அடுப்படி வாசல் தெரியும். அங்கே முதல் ஞாயிறும் வந்தது. வேனும் வந்தது. தங்கதுரை குனிந்து உட்கார்ந்து, ஊதாங்குழலை ஊதி, கண்ணும் மூக்கும் ஒழுக முப்பது பேருக்கு உப்புமா கிண்டினார். நன்றாக இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் விதவிதமாகப் போட்டோ எடுத்தார்கள்.

போட்டோவாவது மிச்சம் என்று மறுநாள் ஃபோனைத் திறந்தார். கூட்டத்தார் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தார்கள். கரியும் புகையுமாக அவர், வாசலில் காபி டம்ளரோடு அன்புசெல்வி. கீழே இரண்டே வரி.

'பாரம்பரிய வீட்டின் உரிமையாளர் திருமதி அன்புசெல்வி. உடன், அவருடைய சமையல்காரர்.'