பலமாகத் திருப்பிய பெடல்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையோடு, சர்ச் விட்டு வந்த அத்தனை பேர் முன்னாலும் நான் தக்காளிக் கூடைக்குள் உட்கார்ந்ததற்குக் காரணம் சைக்கிள் இல்லை. என் கன்னடப் புலமை. இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அறுபதுகளின் கடைசி. கல்லாவியிலிருந்து, தெருவில் பாதிப் பேர் கன்னடம் பேசும் ஓசூருக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம். கெலவரப்பள்ளிப் பக்கம் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. நேரத்துக்குப் பஸ் கிடையாது. எங்களுக்கு முன் குடியிருந்து மாற்றலாகிப் போன நர்சம்மா விட்டுச்சென்ற லேடீஸ் சைக்கிள் வீட்டில் இருந்தது. அதன் சாவி மட்டும் அப்பாவின் சட்டைப் பையில்.

"நடுவழியில நின்னுபோனா யாரு வந்து சரி பண்ணுவாங்க? நீயே ரிப்பேர் பண்ணிக் காட்டு, சாவி தர்றேன். வேற யாரும் கைவைக்கக் கூடாது" என்றார்.

பஞ்சர் ஒட்டினேன். செயின் மாட்டினேன். (அந்தக் கையால் பிசைந்த சோற்றை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.) மிச்சமிருந்தது உடைந்த இடது பெடல். புதுசு வாங்கப் போனபோது கடைக்காரர் ராமண்ணா கன்னடத்தில் சொன்னார்: "எடகடெ பெடலா? பலக்கெ திருகிசம்மா, பிச்சிகொள்ளுத்தெ."

எட என்றால் இடது. பலக்கெ என்றால் பலமாக. பிச்சிகொள்ளுத்தெ என்றால் கழன்றுவிடும். இதுகூடவா தெரியாது? கன்னடத்தைக் கரைத்துக் குடித்தவளாயிற்றே நான்!

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்த கையோடு வாசலில் ஸ்பேனரை மாட்டினேன். எல்லாத் திருகும் இடப்பக்கம் திருப்பினால்தானே கழலும்? பலமாகத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் பலமாக.

"ஏன் டீச்சரம்மா, சைக்கிள்கூட குஸ்தியா?" என்றார் எதிர்வீட்டு மஞ்சுளாக்கா.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்பேனர்மேல் ஏறிக் குதித்தேன். அது வழுக்கியது. நான் போய் விழுந்த இடம், ராயக்கோட்டையிலிருந்து மஞ்சுளாக்காவுக்கு அப்போதுதான் வந்து தெருவில் இறங்கிய தக்காளிக் கூடை.

அந்த வழியாக வந்த ராமண்ணா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, பலக்கெ அந்தெனல்லம்மா!" பலக்கெ என்றுதானே சொன்னேன் என்று வலது கையை ஆட்டிக் காட்டினார்.

பலக்கெ என்றால் வலப்பக்கமாம்! இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். அரைமணி நேரமாக நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. சாவி போய்விடுமே! சேலையில் தக்காளி வழிய வழிய, வலப்பக்கமாகக் குதிகாலால் மிதித்தேன். மூன்றாவது மிதியில் கழன்றது. புதுப் பெடலையும் நானே மாட்டினேன்.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை நீட்டினார். "சேலைய அலசிப் போட்டுட்டு அப்புறம் ஓட்டு."

முப்பது வருஷம் ஓட்டினேன். ஒருநாள்கூட அதில் வேறொருவர் கை பட்டதில்லை. பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் இன்றும் நான் காரில் ஏறினால் என் மகளுக்கு வாய் சும்மா இருக்காது. வலப்பக்கத் திருப்பம் வந்ததும், "அண்ணா, இங்க பலமா திரும்புங்க" என்பாள்.

ஓசூர் டிரைவர் சரியாகத் திரும்பிவிடுகிறார்.