பச்சை எரிந்தால் பயமில்லை

வெர்லின் டோலெஃப்சனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, இனி சிகரெட் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். வெர்லின் பயபக்தியோடு தலையாட்டினார். மனசு மட்டும் அப்போதே கராஜுக்குப் போய்விட்டது. அங்கே பெயின்ட் டப்பாவுக்குள் சில பாக்கெட்டுகள் ஒளிந்திருந்தன.

சாயங்காலம் அவர் மனைவி மார்லிஸ், அலமாரியிலிருந்து சாவுக்குப் போட்டுக்கொள்ளும் தன் கறுப்பு உடையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முதுகில் ஜிப் ஏறவில்லை. திரும்ப மாட்டிவிட்டாள். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த வெர்லினுக்கு ஒரு சிகரெட் பிடித்தால் தேவலை என்றிருந்தது.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்து ஊரான டுலூத்தில் டிசம்பர் என்றால் சாயங்காலமே வருவதில்லை, நேராக இருட்டுதான். ஏரிக் காற்று எலும்பு வரை இறங்கும். அவர் எப்போது கராஜுக்குப் போனாலும் காபிக் கோப்பையோடு மார்லிஸ் பின்னாலேயே வந்து நின்றாள். இப்படியே விட்டால் ஆகாது என்று வெர்லின் தீர்மானித்தார்.

சரம் சரமாக வரும் கலர் எல்இடி வாங்கினார். சமையலறைக் கதவிலிருந்து கூரை விளிம்போடு கராஜ் ஜன்னல் வரை ஓட்டினார். கதவுக்குப் பக்கத்தில், அது திறக்கிறதா மூடுகிறதா என்று பார்த்து விளக்குகளுக்குச் சேதி அனுப்ப, தீப்பெட்டி அளவுக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு. புண்ணியவான் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த புரோகிராமை அதில் ஏற்றினார். கதவு மூடியிருந்தால் எல்லாம் பச்சை. திறந்தால் சிவப்பு, கராஜ் வரை ஓடி வரும். கிறிஸ்துமஸுக்குச் சிவப்பும் பச்சையும் எரிந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மார்லிஸே பனியில் நின்று பார்த்து, அழகாயிருக்கிறது என்றாள். வெர்லினுக்கு நெஞ்சு உறுத்தியது. ஸ்டென்ட்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரி வந்தது. தெருவில் எல்லாரும் விளக்கைக் கழற்றிவிட்டார்கள். எதிர்வீட்டு லவோன் இரண்டு தடவை ஜாடையாகக் கேட்டுவிட்டாள். முப்பது வருஷமாகப் புத்தாண்டு மறுநாளே விளக்கைக் கழற்ற ஏணி போடுகிற மனுஷன் இந்த வருஷம் ஏணியைத் தேடவே இல்லை. மார்லிஸ் அதைக் கவனித்தாள்.

சாப்பிடும்போது, அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். வெர்லின் உருகிப்போனார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் செய்த எதைப் பற்றியும் அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு விளக்கும் தன் நிறத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடும் என்று உருளைக்கிழங்கை வரிசையாக வைத்து விளக்கினார்.

"சேதி போற கம்பி நடுவுல அறுந்துட்டா? அணைஞ்சிடுமா?"

"அணையாது. அதுக்கப்புறம் இருக்கிறதெல்லாம் கடைசியா கேட்ட நிறத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"யார் என்ன சொன்னாலும்?"

"சேதி போனாத்தானே மாறும்?"

"உன்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் கழித்து, கராஜில் வெர்லின் நிம்மதியாகப் பற்றவைத்தார். ஜன்னலில் பச்சை. இரண்டாவது இழுப்பு. பச்சை. மூன்றாவதை ஊதியபோது முதுகில் குளிர்காற்று பட்டது. மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"பச்சைதானே எரியுது" என்றார் வெர்லின்.

"ரெண்டு நாளா பச்சைதான். நீ டாக்டர்கிட்ட போயிருந்தப்போ ஏணி போட்டு அந்தச் சேதிக் கம்பியை அறுத்துட்டேன்."

வெர்லின் சிகரெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். அவள் திட்டவில்லை.

"அந்தக் கறுப்பு டிரஸ் இன்னும் ஏறல, வெர்லின். அதை விட்டா எனக்கு வேற கிடையாது. நான் இளைக்கிற வரைக்கும் நீ சாகக் கூடாது."

அவர் சிகரெட்டைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினார். பெயின்ட் டப்பாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று முன்பே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, வீட்டுச் சூடெல்லாம் போனாலும் போகட்டும் என்று மார்லிஸ் சமையலறைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். ஏணியில் ஏறி, அறுத்த கம்பியை முறுக்கிச் சேர்த்தாள். சிவப்பு கராஜ் வரை ஓடியதும் மறுபடி பிரித்துவிட்டாள்.

இப்போது கராஜ் ஜன்னலில் எந்நேரமும் சிவப்பு. அவள் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோதும் வெர்லின், எதற்கும் இருக்கட்டும் என்று கதவைப் பார்த்தபடியே, புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்.