கட்டைவிரல் ஆடறது!

இராஜபாளையத்தில் எத்தனையோ பேர் ஓடியாடிச் சம்பளம் வாங்கினார்கள். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கிய மனிதர் எங்கள் கட்டைவிரல் சார் ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசியில், பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். அவர் தலைமைக் கணக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஒருநாள் குனிந்து ஒரு பண்டலைத் தூக்கினார், அப்படியே நின்றுவிட்டார். இடுப்பில் வெட்டிய வலி தொடை வழியாக இறங்கி, வலது கால் கட்டைவிரல் மரத்துப் போனது.

மதுரை டாக்டர் சோதித்துவிட்டு, "நரம்பு அழுந்தியிருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். கொஞ்ச நாள் கட்டாந்தரையில படுங்க, பொறவு நடங்க. குனிஞ்சு எதையும் தூக்காதீங்க. கால் பலமில்லாம துவண்டாலோ, மூத்திரம் அடங்காமப் போனாலோ அன்னைக்கே ஓடி வரணும்" என்றார்.

லீவு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. மறுநாள் சார் ஆபீசுக்கு வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். மல்லாந்தால் பேனா எழுதாது என்று பென்சிலுக்கு மாறினார். நாங்கள் "குட் மார்னிங் சார்" என்றால், பதிலுக்குக் காலைத் தூக்கிக் காட்டி, "கட்டைவிரல் ஆடறது!" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், தரையில் கிடந்தவரையும் சுற்றிலும் இருந்த வெள்ளைத் துணியையும் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "போன வாரங்கூட நல்லாப் பேசிட்டிருந்தாவளே! எப்பம்மா முடிஞ்சது?"

"பில்லுல கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா" என்றது தரையிலிருந்து ஒரு குரல். அந்த டிரைவர் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

வலி என்ன என்று கேட்டவர்களிடம் சும்மா சொல்ல மாட்டார், செய்து காட்டுவார். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே பால்கோவாவை வைத்து, பக்கத்தில் ஒரு நூலை ஓட்டி, அழுத்துவார். "பிஸ்கட்தான் எலும்பு, பால்கோவா நடுவில இருக்கற டிஸ்க், நூல்தான் நரம்பு. பால்கோவா பிதுங்கி நூலை இடிக்கறது பாருங்கோ, அதான் என் வலி. பிதுங்கினது நாளாவட்டத்துல தானே வத்திடும், அதுக்குக் கத்தி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, எலும்பு, நடுவில் இருந்தது எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்வார்.

பேக்கிங்கில் இருந்த மாரியக்காவுக்கு இந்த விளக்கம் பிடிபடவில்லை. "நான் காலு முன்னால வரப் பொறந்தவ சார். அப்படிப் பொறந்தவ மிதிச்சா இடுப்பு வலி பறந்துரும். குப்புறப் படுங்க, ஒரே மிதி. எம்புட்டுப் பேரு எந்திரிச்சு ஓடியிருக்காக தெரியுமா?" என்று சேலையைச் செருகினார். சாரும் எழுந்து ஓடினார், மிதி விழுவதற்கு முன்பே.

வலி குறைந்து நடக்கத் தொடங்கியதும் பஸ்ஸில் உட்காருவதை நிறுத்தினார். "அம்புட்டு சீட்டும் காலியாக் கெடக்கே, உக்காருங்க" என்று கண்டக்டர் கெஞ்சுவார். உட்கார்ந்தால் டிஸ்க்குக்கு என்ன ஆகும் என்று சார் ஆரம்பிப்பார். வழக்கமாக வரும் பாதிப் பேர் பயந்துபோய் எழுந்து நிற்பார்கள்.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒன்றுதான். தையில் அவருடைய ஒரே மகள் கோதைக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி, அப்பா மடியில் பெண் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டுவார். அதற்குள் இடுப்பு தேற வேண்டும். சித்தப்பா மடியில் உட்காரட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். "என் பொண்ணுக்கு என் மடி இருக்கு" என்றார் சார். டாக்டர் பிறகு சொல்லிக்கொடுத்த பயிற்சியை, குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தி, முதலாளி வந்து நின்றாலும் நிறுத்தாமல் செய்தார்.

கடைசியாக, மகளை மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே போய்க் கேட்டார்.

"பொண்ணு எம்புட்டு வெயிட்டு?"

"பொறக்கறச்சே ஆறு பவுண்டு. அதுக்கப்புறம் நான் நிறுத்துப் பார்க்கலை."

டாக்டர் சிரித்துவிட்டார். "தரையில சம்மணம் போடாம, ஒசரமா உக்காருங்க. பாதம் தரையில பதியணும். செத்த நேரந்தான்."

சரியான உயரத்துக்கு எங்கள் கம்பெனியின் பேண்டேஜ் துணிப் பொதி ஒன்று கிடைத்தது. நெல் மூட்டைதான் வழக்கம் என்று கல்யாணம் நடத்தி வைக்க வந்த வாத்தியார் முறைத்தார். பொதியின் மேல் கொஞ்சம் நெல்லைப் பரப்பினோம். வாத்தியார் மந்திரத்தை ஆரம்பித்தார்.

முகூர்த்த நேரத்தில் ஊரே மாப்பிள்ளையைப் பார்த்தது. நாங்கள் ஆபீஸ்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சாருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோதை, பாவம், அப்பாவுக்கு வலிக்குமே என்று மடியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். "என்னை ஏமாத்தாதேடி, நன்னா உட்காரு" என்று சார் அதட்டினார். அவள் முழுசாக உட்கார்ந்தாள். கட்டைவிரல் ஆடியது. மாரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறியது. ஆனால் சார் மகளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அசையவும் இல்லை. கட்டைவிரலும் நின்றுவிட்டது. நான் மேடைக்கு ஓடினேன்.

"சார், பிடிச்சிருச்சா? வலிக்குதா?"

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் நிறைய நீர்.

"வலியெல்லாம் இல்லைம்மா. கையை எடுத்தா எழுந்து போயிடுவாளே."