பழசுல இருந்துச்சே!

வாசகர்களே, இன்றைக்கு நாம் பார்க்கப்போவது ‘இருந்துச்சே’ இனம். தேடிக் காடுமேடு அலைய வேண்டியதில்லை. ஒரு புதுச் சாமானை வாங்கி நடுவீட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள், தானாக வந்து சேரும். நாமெல்லாம் புதுசாக ஒன்றைக் கண்டால் இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்த இனம் என்ன இல்லை என்று பார்க்கும். நெற்றி சுருங்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும், நாக்கு ‘ச்சு’ கொட்டும். அப்புறம் அந்த வார்த்தை வந்து விழும்: “பழசுல இருந்துச்சே!”

நம்பிக்கை இல்லையென்றால் அருப்புக்கோட்டைக்கு ஒரு நடை வாருங்கள். உரக்கடை ராஜபாண்டியைக் காட்டுகிறேன்.

திருச்சுழிக்குப் புது பஸ் விட்டார்கள். ஊரே சிரித்த முகமாக ஏறியது. ராஜபாண்டியும் ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், காற்று வாங்கினார், பாதி வழிவரை வாயே திறக்கவில்லை. கண்டக்டர்கூட ஆச்சரியப்பட்டுப் போனார். அப்புறம்தான் மனிதரின் கண் மேலே போனது. “ஏம்ப்பா, பழைய பஸ்ஸுல பை மாட்டக் கொக்கி இருந்துச்சே?” கையில் பை இருந்ததா? இல்லை. மல்லாங்கிணற்றில் கொழுந்தியாள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பழைய வீட்டுல குருவி வந்து போக ஒரு பொத்தல் இருந்துச்சே” என்றார். அந்தக் குருவியை விரட்டக் கம்பும் கையுமாகப் பத்து வருஷம் திரிந்தவள் அவள். மச்சினன் வீட்டில் இரண்டாவது பேத்தி பிறந்தபோது தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, “மூத்தவளுக்குக் கன்னத்துல குழி இருந்துச்சே” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டில் இரண்டு மாதம் இவருக்குக் காப்பி இல்லை. ஏழு மாதம் காய்ந்து கிடந்த கரிசலில் ஒருநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கடைவாசலில் நின்ற விவசாயச் சம்சாரிகள் சட்டை நனைய நனையச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “போன தடவ இடி இருந்துச்சே!”

இந்த மனிதரை என்னதான் செய்வது, சொல்லுங்கள்?

மற்றபடி ராஜபாண்டி தங்கமானவர். ஒரு வாய்க் கஞ்சியென்றாலும் வந்தவருக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் அவரை ஆட்டிவைக்கும்.

சரி, கதைக்கு வருவோம்.

ராஜபாண்டி வீட்டில் ஒரு பழைய கேம் கன்சோல் இருந்தது. மகள் முனீஸ்வரி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. அவள் கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் போனதும் அது அப்பா கைக்கு வந்தது. அவர் அதில் ஒருநாளும் விளையாடியதில்லை. காரை ஓட்டுவதும் பந்தை உதைப்பதும் ஒரு வேலையா? அவருக்கு அது படம் காட்டும் மெஷின். லேப்டாப்பில் கிடக்கும் வீடியோவை வயரே இல்லாமல் இழுத்து டிவியில் காட்டும். ஹார்டு டிஸ்க்கையோ பென் டிரைவையோ சொருகிவிட்டால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு என்று வரிசையாக ஓட்டிக்கொண்டே இருக்கும். வருகிற விருந்தாளியை உட்காரவைத்து அத்தனையையும் காட்டுவார். சொந்தக்காரர்கள் எல்லாரும் காப்பியைச் சூடாகவே குடித்துவிட்டு எழுந்து ஓடப் பழகிக்கொண்டார்கள்.

அந்த மெஷின் போன பங்குனியில் மூச்சை விட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட நேரத்தில்!

அதற்கு முந்தின மாதம்தான் பரளச்சிப் பக்கத்தில் இவர்களுடைய குலசாமிக்குச் சிவராத்திரி நடந்திருந்தது. சாமியின் பட்டும் சலங்கையும் வைத்த மரப்பெட்டியைப் பெட்டி வீட்டிலிருந்து கோயிலுக்குத் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் தூக்குவது மூத்த வகையறா. எல்லைக்கல் தாண்டியதும் இளைய வகையறா வாங்கிக்கொள்ளும். மூத்த வகையறாவுக்காக முப்பது வருஷம் தூக்கியவர் ராஜபாண்டியின் அப்பா. அவர் காலமாகி, தீட்டுக் கழிந்து, இந்த வருஷம்தான் ராஜபாண்டியின் முதல் முறை. காப்புக் கட்டி, கறி தின்னாமல், தரையில் படுத்து, எட்டு நாள் விரதம் இருந்தார். அப்பா தொட்ட இடத்தில் தன் கை படப்போகிறது என்று நினைத்து நினைத்து அழுதார், பாவம்.

கடைசியில் பெட்டியைத் தூக்கியது யார்? இளைய வகையறா மாரிச்சாமி!

“நான் திரும்பிப் பாக்குறேன், பெட்டி அவன் தலையில இருக்கு. புடுங்கிட்டான் பெரியப்பா, புடுங்கிட்டான்!” என்று ராஜபாண்டி பங்காளிகளில் மூத்தவரான மொக்கையனிடம் போய் நின்றார். மாரிச்சாமியோ, “கூப்பிட்டு வராத ஆளுக்கு நான் என்ன செய்ய?” என்றான். ஒரு வருஷம் கை மாறினால் அடுத்த வருஷம் அதுவே வழக்கமாகிவிடும் என்பது ராஜபாண்டிக்குத் தெரியும். அப்பாவின் முறை தன்னோடு போய்விடுமோ என்ற பயத்தில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மொக்கையன் யோசித்துச் சொன்னார்: “நான் சொன்னா நீ நம்ப மாட்ட. வீடியோ எடுத்துருக்குல்ல? எல்லாரும் உக்காந்து பாத்துருவோம். அதுல என்ன இருக்கோ அதான் முடிவு.”

“எங்க வீட்டுக்கே வாங்க பெரியப்பா. பெரிய டிவி இருக்கு” என்றார் ராஜபாண்டி. வீடியோக்காரர் தந்த பென் டிரைவைக் கவரோடு பீரோவில் பூட்டினார். முன்னாடியே பார்த்தால் வெட்டி ஒட்டிவிட்டான் என்று எவனாவது சொல்வானாம். பங்காளிகள் முன்னால்தான் பிரிப்பேன் என்றார். மறுவாரம் மெஷின் செத்தது. அதே கம்பெனியின் புது மாடலை வாங்கிக்கொண்டு வந்து, மாலை போடாத குறையாக டிவிக்குக் கீழே வைத்தார். முனீஸ்வரியின் காதுகுத்து வீடியோவை வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

ஓடவில்லை. லேப்டாப்பிலிருந்து இழுக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கைச் சொருகினால், ‘கேம் வைத்துக்கொள்ள இடம் வேண்டுமா?’ என்று கேட்டது. வீடியோ காட்டுகிற சமாச்சாரத்தையே புது மாடலில் கழற்றிவிட்டிருந்தார்கள்!

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

“சார், புது மாடல்ல கேம் ரொம்ப வேகமா ஓடும் சார்” என்றது அந்தப் பக்கத்துப் பெண்.

“அது ஓடட்டும்மா. எங்க வீட்டுக் காதுகுத்து எதுல ஓடும்?”

“அந்த வசதிய இதுல எடுத்துட்டாங்க சார்.”

“எடுத்து எங்க வச்சிருக்காக?”

“அடுத்த அப்டேட்ல வரலாம் சார்” என்றாள்.

‘வரலாம்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் மனிதர். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நிற்பதற்கும் முன்பே மெஷினுக்கு முன்னால் நின்றார். அப்டேட் வரும். இறங்கும். எதில் எதிலோ வேகம் கூடியிருப்பதாகச் சொல்லும். வீடியோ மட்டும் வராது. மகள் போனில், “அப்பா, அது கேம் விளையாடுற மெஷினுப்பா” என்றாள். “அப்ப பழசு என்ன, மாவாட்டுற மெஷினா? அதுல இருந்துச்சே!” என்று கத்திவிட்டு வைத்தார். உரம் வாங்க வந்தவர்களும் தப்பவில்லை. யூரியா கேட்டு வந்த ஒரு சம்சாரி, புது கன்சோலில் இல்லாத ஏழு வசதிகளை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு, யூரியாவை மறந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

லேப்டாப்பிலேயே பார்க்கலாமே என்று கேட்கிறீர்கள். மனைவி தங்கலட்சுமியும் கேட்டாள். “பன்னெண்டு பங்காளி எட்டிப் பாக்க அது என்ன கெணறா?” என்றார்.

“டிவி பின்னாலயே பென் டிரைவு சொருகலாமுங்க. நான் கோலம் வீடியோ எல்லாம் அப்பிடித்தான பாக்கேன்.”

“டிவியில போட்டா பத்து செகண்டு தாண்டுற பட்டன் இருக்காது. பழசுல இருந்துச்சே!”

தங்கலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். மொக்கையன் சோபாவில் உட்கார்ந்தார், மற்றவர்கள் பாயில். மாரிச்சாமி கதவோரம் ஒதுங்கி நின்றான். தங்கலட்சுமி எல்லாருக்கும் காராச்சேவும் காப்பியும் வைத்தாள். ராஜபாண்டி எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கவரைப் பிரித்து, பென் டிரைவை எடுத்துக் கன்சோலில் சொருகினார். அன்றைக்குக் காலை அப்டேட்டிலாவது வந்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

கேம் வைத்துக்கொள்ள இடம் வேண்டுமா என்று கேட்டது மெஷின்.

உருவித் துடைத்துச் சொருகினார். திருப்பிச் சொருகினார். அணைத்துப் போட்டார். அதே கேள்வி. வியர்த்துவிட்டது. அப்புறம் எழுந்து நின்று, அந்தக் கம்பெனி செய்த துரோகத்தை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள், பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அண்ணே, அப்ப இதுல என்னதான் இருக்கு?” என்று கதவோரத்திலிருந்து கேட்டான் மாரிச்சாமி.

“இருக்குறத யாருப்பா கேட்டா? இல்லாததக் கேளு!”

அவன் சும்மா இருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த ரிமோட்டு மாதிரி ஒன்றை எடுத்து எதையோ அமுக்கினான். டிவியில் ஒரு சிவப்புக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. பாயில் இருந்த பங்காளிகள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். “ஏலே, இடது பக்கம் ஒடிடா!” “பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு!” மொக்கையன்கூடச் சோபா நுனிக்கு வந்துவிட்டார். இருபது நிமிஷம் மூத்த வகையறாவும் இல்லை, இளைய வகையறாவும் இல்லை, ஒரே கார்தான். ராஜபாண்டி மட்டும் பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றார்.

தங்கலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. வந்தாள், அவர் கையிலிருந்து பென் டிரைவை வாங்கினாள், டிவிக்குப் பின்னால் கையை விட்டாள், சொருகினாள். கார் மறைந்தது. உறுமி மேளம் கேட்டது.

சாயங்கால வெளிச்சத்தில் பெட்டி வீட்டு வாசல். பட்டுத்துணி சுற்றிய பெட்டி பீடத்தில் இருக்கிறது. மாரிச்சாமி கைகட்டித் தள்ளி நிற்கிறான். பூசாரி மணியடிக்கிறார். மொக்கையன், “ராசபாண்டி, வாப்பா, பெட்டியத் தூக்கு!” என்கிறார். யாரும் வரவில்லை. உறுமிக்காரர் நிறுத்துகிறார். “ஏலே ராசபாண்டி!” என்று இன்னொரு தடவை கூப்பிடுகிறார் மொக்கையன். அந்த அமைதியில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல், ஊருக்கே கேட்கும்படி வருகிறது:

“பழைய செட்டுல ரெண்டு மைக்குச் சொருக எடம் இருந்துச்சே தம்பி! இதுல ஏன் ஒண்ணுதான் இருக்கு?”

கேமரா திரும்புகிறது. வேப்பமரத்தடியில் மைக் செட்டுக்காரனின் புது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், கையில் காப்பும் இடுப்பில் வேட்டியுமாகக் குனிந்து நிற்கிறார் ராஜபாண்டி. பக்கத்தில் மைக் அணைக்காமல் கிடக்கிறது. “குமிழு அஞ்சு இருந்துச்சே! செவப்பு லைட்டு இருந்துச்சே!” மூன்றாவது தடவை கூப்பிட்ட மொக்கையனின் குரலை அந்த ‘இருந்துச்சே’ அமுக்கிவிடுகிறது. “நேரம் தப்புது” என்கிறார் பூசாரி. மாரிச்சாமி தயங்கித் தயங்கி முன்னால் வருகிறான், வேப்பமரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், அப்புறம் குனிந்து பெட்டியைத் தூக்குகிறான்.

தங்கலட்சுமி டிவியை நிறுத்தினாள். யாரும் காராச்சேவைக் கடிக்கக்கூட இல்லை. அத்தனை கண்ணும் ராஜபாண்டி மேல் இருந்தன. அவருக்கு முகம் செத்துப்போயிருந்தது. அப்பா முப்பது வருஷம் காப்பாற்றியதை எவனும் பிடுங்கவில்லை, தானே ஒரு மைக் பொத்தலுக்காக விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாரிச்சாமியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து வாயைத் திறந்தார்.

“போன வருச வீடியோவுல… மேல இருந்து எடுக்குற டிரோனு இருந்துச்சே…”

பங்காளிகள் சிரித்த சிரிப்பில் காப்பி டம்ளர் உருண்டது. மாரிச்சாமி கதவோரத்திலிருந்து வந்து அவர் தோளில் கை போட்டான். அவன் கண்ணிலும் சிரித்துச் சிரித்து நீர் வந்திருந்தது. “பெரியப்பா, அடுத்த வருசம் அண்ணனே தூக்கட்டும். அவுக அப்பா முறை அவுகளுக்குத்தான்” என்றான். ராஜபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதார்.

மொக்கையன் தொண்டையைச் செருமினார். “சரி, தூக்கட்டும். ஆனா ஒரு கண்டிசன். காப்புக் கட்டுன நேரத்துல இருந்து எல்லைக்கல்லுத் தாண்டுற வரைக்கும் இவன் வாயவே தொறக்கக் கூடாது.”

ராஜபாண்டி கண்ணைத் துடைத்தார். தலையை ஆட்டினார். அப்புறம் அவர் நெற்றி சுருங்கியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. ‘ச்சு’ என்றார். “எங்க அப்பாவுக்கு இப்பிடி ஒரு கண்டிசன்…” என்று தொடங்குவதற்குள் தங்கலட்சுமி ஒரு கைப்பிடி காராச்சேவை அள்ளி அவர் வாயில் திணித்தாள்.

இதுதான் வாசகர்களே, ‘இருந்துச்சே’ இனம். நல்ல ஜனங்கள்தான், கொஞ்சம் தள்ளி நின்று பழகினால் ஆபத்தில்லை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இப்போதே நாலைந்து பேர் முகம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், நன்றாகச் சிரித்திருப்பீர்கள். நல்லது. அதற்கிடையே, ‘எல்லாம் சரி, அந்தக் கன்சோல் எந்தக் கம்பெனி என்று கடைசிவரை இதில் இல்லையே’ என்று உங்கள் நெற்றி லேசாகச் சுருங்கியதா?

சுருங்கியதல்லவா? காராச்சேவு எடுத்துக்கொள்ளுங்கள்.