வளையம் தெரிந்தால் கேக்

மனிதர்களில் முன்கொண்டாடி என்று ஒரு வகை உண்டு. கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் பார்ப்பவரைவிட இவர் ஒரு படி மேல். கொக்கு வந்து இறங்குவதற்குள் வெண்ணெயை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கொக்கு பிடித்தாயிற்று என்று ஊரைக் கூட்டிவிடுவார். எந்த ஊரில்தான் இவர் இல்லை? ஆனாலும் வடதுருவத்துக்குப் பக்கத்து ஊரான டிரம்சோவில், ஆழ்கடல் உயிர்களிடம் புது மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் வளர்கிற வகைக்கு ஈடு கிடையாது. அங்கே கேக் இருக்கிறது.

நல்ல செய்தி யாருக்கோ அவரே கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டித் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். அங்கே ஆராய்ச்சி செய்யும் ஆஸ்முண்ட் ஐயா அந்த வழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டவர். கேக் வந்துவிட்டால் நல்ல செய்தியும் பின்னாலேயே வந்தாக வேண்டும் என்பது அவர் சித்தாந்தம்.

அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில், வெளிச்சமே காணாத இருட்டில், பாறையோடு ஒட்டிக்கிடக்கிறது கடற்பஞ்சு. எதிரி வந்தால் ஓடக் கால் இல்லை, கடிக்கப் பல் இல்லை. ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள விஷம் சுரக்கிறது. அந்த விஷம், நம் மருந்துகளுக்கெல்லாம் பெப்பே காட்டும் கிருமிகளைக் கொல்லுமா? அதைத்தான் பார்க்கிறார்கள். கடற்பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறெடுத்து, பாலாடைபோலக் கிருமி படர்ந்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். மறுநாள் சொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருந்தால், அங்கே கிருமி செத்தது என்று அர்த்தம்.

ஆஸ்முண்டுக்கு வளையம் தெரியாத நாள் குறைவு. முதல் வளையத்தைப் போட்டது, அவருடைய தாத்தா காலத்திலேயே கடையில் விற்ற மருந்து என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது வளையம் பக்கத்து மேசைக்காரரின் தட்டில் இருந்தது. இரண்டு கேக்கும் நன்றாகத்தான் இருந்தன.

அந்தத் தட்டுகளைப் பத்தொன்பது வருஷமாகக் கழுவுகிறவள் யோரூன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஜெபவீட்டுக்குப் போகிறவள். கழுவிக் கழுவியே ஒரு விஷயம் கற்றிருந்தாள். மற்ற மேசைக்காரர்கள் எப்போதும் கூடவே ஒரு வெறுந்தட்டு வைப்பார்கள். அதிலும் கிருமி இருக்கும். சொட்டு மட்டும் சாறில்லாத வெறும் ஸ்பிரிட். அதிலும் வளையம் விழுந்தால் கொன்றது கடற்பஞ்சு இல்லை, ஸ்பிரிட். ஆஸ்முண்டின் மேசையிலிருந்து வெறுந்தட்டு கழுவ வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஆஸ்முண்ட் கூவினார். "யோரூன்! இங்க வாங்க, பாருங்க! இது வேற, யோரூன். இது வேற!"

"போன தடவையும் வேறன்னுதானே சொன்னீங்க?"

"அது வேற வேற. இது எந்தக் கிருமி தெரியுமா? உங்க தம்பி கால்ல குடியிருக்கே, அதே வகை. அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

யோரூன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். தம்பி ஓட்வார் மீன்பிடிப்பவன். தூண்டில் முள் காலில் ஏறி நாலு மாதம் ஆயிற்று. எந்த மருந்துக்கும் புண் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு விரலை எடுத்துவிட வேண்டும், விட்டால் முழங்காலுக்கு ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கே தம்பிக்குச் சொல்லிவிட்டாள். அதோடு நின்றாளா? செவ்வாய்க்கிழமை ஜெபவீட்டில் எழுந்து நின்று, கடலின் ஆழத்தில் கர்த்தர் மருந்து வைத்திருக்கிறார் என்று சாட்சி சொல்லி ஸ்தோத்திரமும் செலுத்திவிட்டாள். எல்லோரும் பாடினார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

புதன்கிழமை காலையில் ஓட்வார் கூப்பிட்டான். "அக்கா, வெள்ளிக்கிழமை வரலேன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன். உங்க ஆளு மருந்து வரட்டும்."

யோரூன் கழுவ வந்த தட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். நேராக ஆஸ்முண்டின் மேசைக்குப் போனாள். அவர் தொலைபேசியில் இருந்தார். "ஆமா, பாதாம் பூச்சு. நடுவுல பெருசா ஒரு வளையம் போடுங்க. நாளைக்கே வேணும்."

"வெறுந்தட்டு வச்சீங்களா?"

"அதெல்லாம் நம்பிக்கை இல்லாதவங்க செய்யற வேலை, யோரூன். நீங்க இவ்வளவு பக்தியா இருந்துட்டு இப்படிக் கேக்கறீங்களே!"

"நான் கர்த்தரை நம்புறேன். ஸ்பிரிட்டை நம்பமாட்டேன்."

"நாளைக்கு வச்சுக்கலாமே."

"இப்பவே வைங்க. இது என் தம்பி கால்."

கழுவாத தட்டுக் கூடையோடு அங்கேயே நின்றாள். மூன்று பேர் வேலை நின்றது. வேறு வழியில்லாமல் ஆஸ்முண்ட் வெறுந்தட்டு வைத்தார், பிடிவாதக்காரக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பவர்போலச் சிரித்துக்கொண்டே.

வியாழக்கிழமை காலையில் கேக் வந்தது. தட்டுகளையும் எடுத்தார்கள். கடற்பஞ்சுச் சாற்றைச் சுற்றி அழகான வளையம். வெறும் ஸ்பிரிட்டைச் சுற்றியும் அழகான வளையம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சொட்டிலிருந்து ஸ்பிரிட் ஆவியாகிப் போகும்வரை காத்திருந்துதான் தட்டை மூடவேண்டும். ஆஸ்முண்ட் என்றைக்குக் காத்திருந்தார்?

பிறகு யாரோ கத்தியை எடுத்தார். வந்த கேக்கை வீணாக்க முடியுமா?

யோரூன் வெளியே போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லு, நாளைக்கு வரேன்னு."

"அப்போ மருந்து?"

"மருந்து இல்லடா. என் தப்பு. கேக்தான் இருக்கு."

ஓட்வார் அதைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன கேக்?"

"பாதாம்."

"ரெண்டு விரலுக்கு ரெண்டு துண்டு எடுத்து வை. கணக்கு சரியாப் போயிடும்."

வெள்ளிக்கிழமை இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. அடுத்த செவ்வாய்க்கிழமை யோரூன் ஜெபவீட்டில் மறுபடி எழுந்து, "கர்த்தர் பேசறதுக்கு முன்னாடி நான் பேசிட்டேன், மன்னிக்கணும்" என்றாள். ஜனங்கள் அதே பாட்டைப் பாடினார்கள். அதே இரண்டு பேர் அழுதார்கள்.

ஆஸ்முண்ட் திருந்தினாரா என்று கேட்பீர்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை, "இது வேற, யோரூன்!" என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தாள். வெறுந்தட்டு வைத்திருந்தார். கேக்குக்கும் சொல்லியிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: அந்த முதல் திங்கட்கிழமை வளையத்தைப் பற்றிப் படித்தபோது, ஓட்வாரின் விரல்கள் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கணமாவது உள்ளே துள்ளவில்லையா? துள்ளியதென்றால் ரொம்ப சந்தோஷம், நீங்களும் நம்மைப்போல ஒரு முன்கொண்டாடிதான். வரும்போது கேக் கொண்டு வாருங்கள். எங்கள் வழக்கம் தெரியுமே!