கயிற்றைத் தாண்டாத தகப்பன்

அன்பும் மரியாதையும் மிக்க அக்னெஸ் அண்ணிக்கு,

ஓஸ்டெண்டில் தாங்களும், தங்கள் முழங்கால்களும், சகலையும், சகலை வளர்க்கும் புறாக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை மீகே நலம், மகள் ஹன்னே நலம், நாயும் நலம். மிச்சம் இருப்பவன் நான். வெட்கத்தை விட்டு முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன், ஏனென்றால் என் வலது மணிக்கட்டு ஒரு மோட்டார் சைக்கிள் டியூபுக்குள் இருக்கிறது. கட்டியவள் ஹன்னே. வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த தாங்கள், தொலைபேசியில் சொல்லிச் சொல்லி என்னைச் சேர்க்க வைத்த முதலுதவிப் பெட்டி அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை அண்ணி. என் பக்கத்திலேயே இருந்தது. காலியாக.

கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். போன இலையுதிர் காலத்தில் நடந்ததை மீகே தங்களிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது, அவள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதியும் உண்மைதான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஹன்னே மணல் மேட்டில் பறந்து, இறங்கும்போது விழுந்தாள். நான் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓட்டப் பாதைக்குள் ஓடினேன். கொடி காட்டுகிறவர் கொடியை என்னைப் பார்த்து ஆட்டினார். பின்னால் வந்த பிள்ளை ஒருத்தி என்னைத் தவிர்க்கப் போய் வேலிக்குள் புகுந்தாள். இதற்குள் ஹன்னே எழுந்து, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். பாதை நடுவில் முழங்கால் அளவு மணலில் சிக்கி நின்றது நான் மட்டும். என்னைத்தான் கடைசியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிர்காலம் முழுக்க கிளப்பில் என்னை யாரும் லீவன் என்று கூப்பிடவில்லை. "மணல்ல நட்ட கம்பம்" என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த வருஷப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் ஹன்னே என்னைச் சமையலறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாருப்பா. இன்னொரு தடவை கயித்தைத் தாண்டினே, நான் ரிக் மாமா வேன்ல போயிடுவேன். பலகையையும் அவரே காட்டட்டும்."

அந்தப் பலகைதான் என் உயிர் என்று தங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தில் நின்று, முன்னால் எத்தனை பேர், பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று சாக்பீஸால் எழுதி, பறந்து வருகிறவளுக்குக் கண் இமைக்கும் நேரத்துக்குக் காட்ட வேண்டும். எல்லா அப்பன்மார்களும் எண்ணை எழுதுவார்கள். நான் ஒருமுறை "தண்ணி குடிச்சியா?" என்று எழுதினேன். அதைப் படித்து முடிப்பதற்குள் அவளை இரண்டு பேர் முந்திவிட்டார்கள். ஆக, என் பேரில் ஏற்கெனவே வழக்கு உண்டு. "அடிபட்டா என்னம்மா செய்யறது?" என்று கெஞ்சினேன். "வேணும்னா ஒரு மருந்துப் பெட்டி வெச்சுக்கோ. ஆனா நானா கேட்டாத்தான் அதைத் திறக்கணும்" என்றாள்.

அன்றுதான் தங்களைத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தேன். சகலையின் தூக்கம் கெட்டதற்கு மன்னிப்பு. கண்ணில் விழுந்த மணலைக் கழுவ உப்புநீர்ப் புட்டி, கொப்புளத்துக்கு ஒட்டுநாடா, சைலன்சரில் காலை வைத்துச் சுட்டுக்கொண்டால் தடவ களிம்பு, தொடை உரசலுக்கு வாசலின், ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்துக் கல்லாகிப்போகும் முன்கைக்குத் தேய்க்க எண்ணெய், நடுக்கத்துக்குப் போர்த்த வெள்ளிக் காகிதப் போர்வை, தோளைத் தூக்கிக் கட்ட முக்கோணத் துணி, சுளுக்குக்கு அகலமான இழுபடும் கட்டுத்துணி என்று தாங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. கட்டுப் போட்டும் பழகினேன். முதலில் நாய்க்குப் போட்டேன், அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. பிறகு மீகே சூப் கிண்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து முக்கோணத் துணியைப் போட்டு அவள் கையைத் தோளோடு தூக்கிக் கட்டினேன். "இன்னொரு கையில கரண்டி இருக்கு, பாத்துக்கோ" என்றாள். கட்டு நன்றாகத்தான் விழுந்தது. கரண்டியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெட்டியை வேன் வாசலில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன், என்னையறியாமல் திறந்துவிடக் கூடாதே என்று. முதல் ஓட்டம் முடிந்து ஹன்னே வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், முகத்தில் கண்ணிருந்த இடம் தவிர எல்லாம் மண். "எங்கயாவது வலிக்குதாம்மா?" "இல்ல." "கை?" "இல்லப்பா." "முழங்கால்?" "அப்பா, வலிக்கிறது காது ஒண்ணுதான்." உட்கார முடியவில்லை, எழுந்தால் பெட்டி கண்ணில் படுகிறது, திரும்பவும் உட்கார்ந்தேன். அவள் கையுறையைக் கழற்றவே இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அப்போதுதான் ரிக் வந்தான். தங்களுக்கு அவனைத் தெரியும், ஹன்னேயின் ஞானஸ்நானத்தில் ஒரு தட்டு நிறைய சாசேஜைத் தனியாளாகத் தின்று தீர்த்த கசாப்புக் கடைக்காரன். அவன் மகனும் ஓட்டுகிறான். "யோவ் கம்பம், ரப்பர் கையுறை இருக்காய்யா?" பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். கேட்டது ஹன்னே இல்லை என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் யாருக்கோ அடிபட்டிருக்கிறதே! கையுறையை மாட்டிக்கொண்டு போனவன் என்ன செய்தான் தெரியுமா? ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் தடவினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலினை எடுத்துக்கொண்டு போனான், ஃபில்டரின் விளிம்பில் தடவ. "மனுசனுக்குன்னு வாங்கினதுய்யா!" என்றேன். "மனுசன் தானா ஆறிடுவான். பைக் ஆறுமா?" என்றான். நம் கெம்பன் பக்கத்து ஆட்களிடம் இதற்கு மேல் வாதாட முடியுமா? எந்த மருந்து எந்தச் சாமானுக்கு உதவும் என்று இவர்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. பக்கத்து வேன்காரர் ஒட்டுநாடாவைக் கேட்டு வாங்கி ஹேண்டில் பிடியைச் சுற்றினார். அவர் மனைவி உப்புநீரில் ஐந்து பேரின் கண்ணாடிகளைக் கழுவினாள். முன்கை எண்ணெய் கிளட்ச் கேபிளுக்குள் இறங்கியது. வெள்ளிப் போர்வையை யாரோ ஈர இருக்கையின் மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அண்ணி, எனக்கு அது பிடித்திருந்தது. குளிர்காலம் முழுக்கக் கம்பமாக இருந்தவனை ஆளாளுக்குத் தேடி வந்து "லீவன், லீவன்" என்று கூப்பிட்டார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தேன். கேட்காதவர்களிடமும் போய் விசாரித்தேன். அகலமான கட்டுத்துணியை யார் வாங்கிப் போனார்கள் என்பது மட்டும் இப்போது சரியாக நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஹன்னே மடக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளங்கள் உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்காத பெண், என் பக்கம் கையை நீட்டினாள்.

"அப்பா, அந்தப் பெட்டியைத் திற."

திறந்தேன். உள்ளே ஒரு ஊக்கும் கறுத்துப்போன ஒரு வாழைப்பழமும் இருந்தன.

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வரிசையாக நிற்கும் வேன்களைப் பார்த்தாள். ஒட்டுநாடா எங்கள் கண் முன்னாலேயே பக்கத்து வண்டியின் ஹேண்டிலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்றோடு நம் பலகை போயிற்று என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள் அண்ணி. கண்ணில் தண்ணீர் வந்து முகத்து மண்ணில் கோடு விழும்வரை சிரித்தாள். ரிக் ஓடிப்போய் குழாய்க்கு ஒட்டும் வெள்ளி நாடாவைக் கொண்டுவந்தான். நான் உருளைக்கிழங்கு வறுவல் கடையிலிருந்து சுத்தமான காகிதக் கைக்குட்டைகளை வாங்கி வந்து, மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்து, தாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே கட்டைவிரலைச் சுற்றி ஒட்டினேன். "இறுக்கமா இருக்கா?" "சரியா இருக்கு." "ரத்த ஓட்டம்..." "அப்பா." "சரி." இவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க என்னை விட்டது, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அதுதான் முதல் தடவை.

ஓட்டம் தொடங்கியது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பலகையோடு. எண்ணை மட்டும் எழுதினேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஆனால் நின்றேன். பாதிக்கு மேல் போன பிறகு, அலை அலையாகக் குழி விழுந்திருந்த இடத்தில், என் கண் முன்னாலேயே அவள் வண்டி முன்பக்கமாகக் குத்தி அவளைத் தூக்கி எறிந்தது. விழுந்தாள். எழவில்லை. இன்னமும் எழவில்லை. அந்த நேரத்தில் இந்த லீவன் என்ன செய்தான் என்று ஊரே சாட்சி சொல்லும். கயிற்றைத் தாண்டவில்லை! பிறகு அவளே எழுந்தாள், வண்டியைத் தூக்கினாள், போனாள். போகிற வேகத்தில் பின்சக்கரம் வாரியடித்த மணற்கட்டி ஒன்று என் நெஞ்சில் வந்து அறைந்ததில்தான் மல்லாந்து விழுந்து மணிக்கட்டை ஊன்றிக்கொண்டேன்.

ஓட்டம் முடிந்து அவள் நேரே என்னிடம் வந்தாள். என் கை வீங்கியிருந்தது. பழைய டியூபை வெட்டி, பலகையின் கைப்பிடியைக் கழற்றி அணைகொடுத்து, அவளே கட்டினாள். "வலிக்குதாப்பா?" "இல்ல" என்றேன். "பொய்" என்றாள். அப்புறம், கட்டுகிற கையைப் பார்த்தபடியே, "கயித்தைத் தாண்டலப்பா நீ. இந்த வருசம் பூரா பலகை உன்கிட்டதான்" என்றாள். மருத்துவக் கூடாரத்துக்கு நடந்தோம். கைத்தாங்கலாகப் பக்கத்தில் வருவாள் என்று பார்த்தேன், என்னவோ பின்னாலேயே வந்தாள். சுளுக்குத்தான், கட்டு பிரமாதம், பிரிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வறுவல் கடை வரிசையில் அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டு, என் பின்னால் நின்று புன்னகை செய்தார்கள். கம்பம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அமைதியாக நிற்கத் தெரிந்த தகப்பனுக்கு நம் ஜனங்கள் மரியாதை கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

இடது கையால் எழுதுவதால் சுருக்கமாக முடிக்கிறேன். அடுத்த போட்டிக்குப் பெட்டியை நிரப்ப வேண்டும். தொலைபேசியில் கூப்பிடுவேன், சகலையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடல் காற்று தங்கள் முழங்கால்களுக்குச் சுகமாக இருக்கட்டும், புறாக்கள் எல்லாம் வீடு வந்து சேரட்டும். கோவிலுக்குப் போனால் ஹன்னேயின் உள்ளங்கைகளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
லீவன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மீகே துவைக்க எடுத்த என் கால்சட்டையோடு வந்து நிற்கிறாள், ஆகவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது. மணற்கட்டி எதுவும் வந்து அடிக்கவில்லை. அகலமான கட்டுத்துணியை யாரும் வாங்கிப் போகவும் இல்லை, அது முன்பே என் பைக்குள் போயிருந்தது. என்னை நான் அறிவேனாகையால், இரண்டாம் ஓட்டத்துக்கு முன் அதன் ஒரு நுனியை என் இடுப்புவாரிலும் மறு நுனியைப் பின்னாலிருந்த வேலிக் கம்பத்திலும் முடிந்திருந்தேன். ஹன்னே விழுந்ததும் ஓடினேன். ஒரு காலைக் கயிற்றுக்கு மேலே தூக்கியும் விட்டேன். துணி தன்னால் முடிந்தவரை நீண்டு, அப்புறம் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. நல்ல தரம். கம்பத்து முடிச்சு அவிழ்ந்துவிட்டதால் துணி அங்கேயே கிடக்கும் என்று நினைத்துவிட்டேன். இடுப்பு முடிச்சு தாங்கள் சொல்லிக்கொடுத்தது, அது இன்னும் அவிழவில்லை. மீகேயிடம் ஹன்னே நேற்றே சொல்லிவிட்டாளாம்: கூடாரம் வரைக்கும் அதன் நுனி மண்ணில் புரளாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் என் பின்னால் நடந்து வந்தாளாம்.