கேள்விகள் கடைசியில்

விழிப்புணர்வு ஊட்டுபவர் என்றொரு இனம் உண்டு. நாமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவர் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் அது உண்மையாகிவிடும்.

அடையாளம் காண்பது எளிது. கழுத்தில் அட்டை தொங்கும். முதுகுக்குப் பின்னால் அவரைவிட அகலமான பேனர். "ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன்" என்று மூன்று முறை சொல்வார். முடிக்க மாட்டார்.

இரண்டு தெருக்களுக்கு ஒரே குழாய். கீழ்த்தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. மேல்தெருக்காரர்கள் குழாயடியில் துணி அலசியதுதான் காரணம் என்று இவர்கள் சொல்ல, உங்கள் சாக்கடைதான் காரணம் என்று அவர்கள் சொல்ல, பேச்சு முற்றி, குடங்கள் பறந்து, மூன்று பேருக்குத் தையல் போட்டார்கள். நம் ஆள் விடுவாரா? 'சுகாதாரக் கல்வியின் வழியே சமாதானம்' என்று கூட்டம் போட்டார். கலவரம் வந்துவிடக் கூடாதே என்று நடுவில் கயிறு கட்டி, இரண்டு தெருவையும் தனித்தனியே உட்காரவைத்தார். கடைசி வரிசை வரை கயிறு எட்டவில்லை.

கிருமிகளின் வரலாற்றை அவர் தொடங்கியபோது கடைசி வரிசையில் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், என் பிள்ளைக்கு நேத்துலேர்ந்து நிக்காம போகுது. என்ன குடுக்கறது?"

"கேள்விகள் கடைசியில் அம்மா."

உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் மேல்தெருக்காரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். குழாயடிச் சண்டையில் இவளுடைய குடத்தை உடைத்தவளும் அவள்தான்.

"ஒண்ணுக்குப் போறானா?"

"காலையிலேர்ந்து இல்லை."

"கண்ணு உள்ள போயிருக்கா?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி, இதை வெச்சுக்கிட்டா இங்க உக்காந்திருக்க? கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு. கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே போகலாம். ஆறின தண்ணி என் வீட்டுல இருக்கு."

"பின்னாடி யாரு பேசறது? சமாதானத்தைப் பத்திப் பேசும்போதாவது அமைதி வேணாமா?" என்றது மைக்.

இருவரும் எழுந்து போனார்கள். ஆட்டோவைக் கூப்பிட அந்தத் தெருவிலிருந்து ஒருவர் போனார், கூடப் போக இந்தத் தெருவிலிருந்து இருவர். கயிற்றைத் தாண்டித்தான் போனார்கள். "இந்த அலட்சியம்தான் எல்லா நோய்க்கும் மூலகாரணம்" என்று அவர் அதையும் உதாரணமாக்கினார்.

பிள்ளை பிழைத்துவிட்டான். மூன்றாம் நாள் குழாயடியில் அவனுக்கு என்ன ஊட்டலாம் என்பதில் இரண்டு தெருப் பெண்களும் ஒருமனதாகச் சண்டை போட்டார்கள். அவருடைய அறிக்கையிலோ, "ஐந்து பேர் பாதியில் வெளியேறினர். மக்களிடம் போதிய ஒத்துழைப்பு இல்லை. மீண்டும் ஒரு கூட்டம் அவசியம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தபோது, "அதான் அன்னிக்கே சொன்னேன்" என்று நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள்? அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று நினைவிருக்கிறதா?